389 மதிப்பெண்ணும் ஐந்தாண்டுக் கணக்கும்

வாசகர் கேள்வி: குடியாத்தம் அருகே ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன் மேடம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தேன். 600க்கு 389. உயிரியல் 71, வேதியியல் 62, இயற்பியல் 58. பிற்படுத்தப்பட்ட வகுப்பு. அப்பா லுங்கி நெய்கிறார், அம்மா பீடி சுற்றுகிறார். பாட்டிக்குப் பக்கவாதம் வந்தபோது ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஒரு அக்கா வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்து நடக்க வைத்தார். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு பிசியோதெரபி படிக்க ஆசை. ஊரில் ஒருவர் நிர்வாக ஒதுக்கீட்டில் சீட் வாங்கித் தருவதாகச் சொல்லி 50,000 ரூபாய் முன்பணமும் சான்றிதழ்களும் கேட்கிறார். மாமாவோ ஓராண்டு டிப்ளமோ படித்துவிட்டு வேலைக்குப் போ என்கிறார். இந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்குமா? எங்கள் வசதிக்கு முடியுமா? பாட்டியின் கை மட்டும் இன்னும் மடங்கியே இருக்கிறது. அதற்கு ஏதாவது செய்யலாமா?

பதில்:

முதலில் அந்த 50,000 ரூபாய். இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம் என்று இன்று இரவே அப்பாவிடம் சொல். மூலச் சான்றிதழ்களை எவரிடமும் கொடுக்காதே. நகல் கேட்டால்கூட எதற்கு என்று கேள். கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்பே இப்படி வீடு தேடி வருகிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: மதிப்பெண் குறைந்த பிள்ளையின் வீட்டில் பயம் இருக்கும். அந்தப் பயம் தீர்வதற்குள் பணத்தை வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவர்களுடைய அவசரம். உனக்கு அந்த அவசரம் தேவையில்லை அம்மா. உன் 389 எந்தக் கதவையும் முழுதாக மூடிவிடவில்லை.

தமிழ்நாட்டில் பி.பி.டி. என்கிற இயன்முறை மருத்துவ (பிசியோதெரபி) பட்டப்படிப்புக்கு இதுவரை பிளஸ் டூ அறிவியல் பாட மதிப்பெண்களை வைத்தே தரவரிசைப் பட்டியல் போட்டு, மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு நடத்தி வந்திருக்கிறது. நர்சிங், பார்மசி, ரேடியாலஜி எல்லாவற்றுக்கும் அதே விண்ணப்பம்தான். பிசியோதெரபி உள்ளிட்ட துணை மருத்துவத் துறைகளுக்கென்று 2021இல் வந்த மத்தியச் சட்டத்தின்கீழ் ஒரு தேசிய ஆணையம் அமைந்த பிறகு சேர்க்கை விதிகளிலும் பாடத்திட்டத்திலும் மாற்றங்கள் வந்துகொண்டிருக்கின்றன. நுழைவுத் தேர்வு பற்றிய பேச்சும் அதில் உண்டு. ஆகவே யார் வாய்ச்சொல்லையும் நம்பாமல், என் சொல்லையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இந்த ஆண்டுச் சேர்க்கைக்கான விளக்கக் குறிப்பேட்டை (பிராஸ்பெக்டஸ்) இறக்கி, தகுதி என்று தலைப்பிட்ட பக்கத்தை அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வரிவரியாகப் படி.

அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று உனக்கு நான் ஆசை காட்ட மாட்டேன். சென்னை, திருச்சி என்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் அரசு இடங்கள் இருக்கின்றன. ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும் என்பதால் போட்டி அங்கே கடுமை. விருப்பப் பட்டியலில் அவற்றை முதலில் வை, ஆனால் அவற்றையே நம்பி இருந்துவிடாதே. உனக்கான இடம் சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டில்தான் இருக்கிறது. அதே கல்லூரி, அதே வகுப்பு, அதே ஆசிரியர்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் வந்தவள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நீயோ அரசு ஒதுக்கீட்டுக்கு உரிய கட்டணத்தை மட்டும் கட்டியிருப்பாய். உன் ஊர்க்காரர் பணம் கேட்பது அந்தப் பக்கத்து இருக்கைக்குத்தான். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 சதவீத இட ஒதுக்கீடும் இந்தக் கலந்தாய்வில் உண்டு.

கலந்தாய்வில் பிள்ளைகள் செய்கிற பெரிய தவறு, முதல் சுற்றில் பெயர் வரவில்லை என்றதும் மனம் உடைந்து நிறுத்திவிடுவது. முதல் சுற்றில் இடம் வாங்கிய பலர் பிறகு எம்.பி.பி.எஸ்., கால்நடை மருத்துவம், வேளாண்மை என்று வேறு இடம் கிடைத்ததும் போய்விடுவார்கள். அவர்கள் விட்டுப்போன இடங்கள் அடுத்த சுற்றுகளில் திரும்ப வரும். இன்று பிசியோதெரபிஸ்டாக இருக்கும் நானே அப்படி வந்தவள்தான். பட்டியலில் என் பெயர் எங்கோ கீழே கிடந்தது. வகுப்பு தொடங்கிய பிறகு போய்ச் சேர்ந்தேன். எலும்புகளின் பெயர்களை மற்றவர்கள் பாதி முடித்திருந்தார்கள். அதனால் என் தொழிலில் ஒரு குறையும் வந்துவிடவில்லை.

விருப்பப் பட்டியலை நிரப்பும்போது குடியாத்தத்துக்கு எது பக்கம் என்று மட்டும் பார்க்காதே. அந்தக் கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அங்கே படுக்கையில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று விசாரி. முடிந்தால் ஒருநாள் நேரில் போய்ப் புறநோயாளிகள் வரிசையைப் பார். நம் படிப்பு கையால் படிக்கிற படிப்பு. விறைத்த முழங்கால் ஒன்றை உள்ளங்கையில் தாங்கி, வலி தொடங்கும் இடத்தைத் தசையின் இறுக்கத்திலிருந்தே உணர்ந்து நிறுத்துவதை எந்தப் புத்தகமும் கற்றுத் தராது. நோயாளி இல்லாத கல்லூரியில் எவ்வளவு பெரிய கட்டடம் இருந்தாலும் எனக்கு மதிப்பில்லை.

வேலூர்க்காரி என்பதால் சிஎம்சி என்கிற கிறித்தவ மருத்துவக் கல்லூரியைப் பற்றியும் கேட்பாய். அங்கே பி.பி.டி. உண்டு, கட்டணமும் குறைவு. ஆனால் விண்ணப்பமும் தேர்வும் தனி, இடங்களோ மிகச் சில. விண்ணப்பத் தேதி தவறிவிடாமல் போட்டுவிடு, கிடைத்தால் மகிழ்ச்சி. டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். சிஎம்சியில் இளம் மருத்துவராக இருந்த அவருக்கு 1954இல் நடந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி அந்தத் துறைக்கே தலைமை ஏற்றார். வேலூர் பாகாயத்தில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு மையம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. நீ படிக்க விரும்பும் இந்தத் தொழிலின் வேர்களில் ஒன்று, உன் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது.

மாமா சொல்லும் டிப்ளமோ பற்றி. அவர் உன் நன்மைக்குத்தான் சொல்கிறார். ஆனால் அது சரியான யோசனை இல்லை. 2021 சட்டத்தின்படி, நம் துறை வரும் பிரிவுக்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகளில், குறைந்தது 3,600 மணி நேரம் படித்த பட்டம் வேண்டும். ஓராண்டுச் சான்றிதழ் அதன் பக்கத்தில்கூட வராது. அதை வைத்துக்கொண்டு கிளினிக்கில் மின்சிகிச்சைக் கருவியை இயக்கும் உதவியாளராக இருக்கலாம். சம்பளம் உயராது, நோயாளியைப் பரிசோதித்து முடிவெடுக்கும் உரிமையும் வராது. எந்தக் கல்லூரி என்றாலும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாசற்படி ஏற வேண்டும்.

இனி பணம். உன் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான்.

என்னுடன் ஆரணிப் பக்கத்துப் பெண் ஒருத்தி படித்தாள். வகுப்பில் எல்லோரையும்விடக் கைப்பக்குவம் அவளுக்குத்தான். நாங்கள் ஒருவர் தோளை ஒருவர் அசைத்துப் பழகும்போது அவள் கை பட்டாலே உடம்பு தானாகத் தளரும். வீட்டில் கறவை மாட்டை விற்று முதலாண்டுக் கட்டணம் கட்டினார்கள். இரண்டாம் ஆண்டுக்கு அம்மாவின் கம்மல். மூன்றாம் ஆண்டில் விற்க ஒன்றும் இல்லை. கட்டணப் பாக்கி என்று கல்லூரி தேர்வு நுழைவுச் சீட்டைத் தர மறுத்துவிட்டது. விடுதி அறையில் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, “அடுத்த வருஷம் வந்து எழுதிக்கொள்கிறேன்” என்றாள். வரவில்லை. இரண்டரை ஆண்டுப் படிப்பும் மாடும் கம்மலும் சேர்ந்து போயின. முதல் தவணைக்குப் பணம் இருக்கிறதா என்று மட்டும் அந்த வீட்டில் கணக்குப் பார்த்தார்கள். கடைசித் தவணை வரைக்கும் யாரும் பார்க்கவில்லை.

அதனால் நீ ஒரு நோட்டை எடுத்து ஐந்தாண்டுக் கணக்குப் போட வேண்டும். படிப்பு இதுவரை நான்கு ஆண்டும் ஆறு மாதப் பயிற்சியும். தேசிய ஆணையத்தின் புதிய பாடத்திட்டம் பயிற்சியை ஓராண்டாக்கி ஐந்தாண்டு என்கிறது. ஐந்துக்கே போடு, மிஞ்சினால் நல்லது. கல்விக் கட்டணம் ஒரு வரிதான். அதற்குக் கீழே பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம், வெள்ளைக் கோட்டு, மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் கோணமானி, முட்டியைத் தட்டும் சுத்தியல், வெளி மருத்துவமனைகளுக்குப் போய்வரும் செலவு. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை தராத தனியார் கல்லூரிகள் பல. அந்த மாதங்களில் வருமானம் வரும் என்று எழுதிவிடாதே. கல்லூரி அலுவலகத்தில் “முதலாண்டுக்கு எவ்வளவு” என்று கேட்காமல், “படித்து முடிக்கும்வரை என்னென்ன தலைப்பில் எவ்வளவு கட்ட வேண்டும், எழுதித் தாருங்கள்” என்று கேள். எழுதித் தரத் தயங்கும் இடத்தைப் பற்றி யோசி.

வரவுப் பக்கத்தில் நீ நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கே வரும். நான்கு ஆண்டுக்கு மட்டும் கணக்குப் போட்டாலும் 48,000. மொத்தமாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் மாதக் கடைசியில் யாரிடமும் கையேந்தாமல் இருக்க அது போதும்; உன் அம்மா ஆயிரம் பீடி சுற்ற எத்தனை மணி நேரம் குனிந்திருக்கிறார் என்று பார்த்தவளுக்கு அந்த ஆயிரத்தின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கல்வி உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்; நீங்கள் அதற்குள்தான் இருப்பீர்கள். கல்லூரி மாணவியருக்கான அரசு விடுதிகளில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் இல்லை. கல்லூரி இருக்கும் ஊரில் அந்த விடுதி உண்டா என்று கலந்தாய்வுக்கு முன்பே கேட்டு வை. ஐந்தாண்டுக் கணக்கில் பெரிய மிச்சம் அதுதான் என்று பல வீடுகளுக்குப் பிறகுதான் தெரிகிறது.

வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றுக்கும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடு. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர நாளாகும். பெயரின் எழுத்து ஆதாரில் ஒருமாதிரியும் மதிப்பெண் பட்டியலில் ஒருமாதிரியும் இருந்தால் இப்போதே திருத்து. முதல் பட்டதாரிச் சலுகை உன் படிப்புக்கும் கல்லூரிக்கும் எப்படிப் பொருந்தும் என்று சேர்க்கையின்போது கேட்டுக்கொள்; சான்றிதழ் கையில் இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பயன் இல்லை.

அப்புறமும் துண்டு விழும். அதற்குக் கல்விக் கடன். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 4 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அந்தக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உண்டு. கல்லூரியின் தரச்சான்று போன்ற நிபந்தனைகள் இருப்பதால் வங்கியில் கல்லூரியின் பெயரைச் சொல்லிக் கேள். மேலாளரின் மேசையில் கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணையை வைத்துப் பேசுவது ஒன்று, நிர்வாக ஒதுக்கீட்டு ரசீதை வைத்துப் பேசுவது வேறு. உன் ஊர்க்காரருக்கு முன்பணம் கொடுக்காதே என்று நான் சொன்னதற்கு இதுவும் காரணம்.

கடன் வாங்கும் முன் சம்பளத்தையும் தெரிந்துகொள். நம் மாவட்டத்தில் தனியார் கிளினிக்குகளில் 15,000 ரூபாயில் தொடங்கியவர்களைப் பலர் என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் தெரியும். மூன்று நான்கு ஆண்டு அனுபவம் வந்து, வீடுகளுக்குப் போய்ச் சிகிச்சை அளிக்கத் தொடங்கினால் நிலைமை மாறும். உன் பாட்டியைப் பார்க்க வந்த அக்காவைப் போல 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வேலை உண்டு. ஆனால் முதல் சில ஆண்டுகள் இறுக்கமாகத்தான் போகும். ஆறேழு லட்சம் கடன் வைத்துக்கொண்டு அந்த ஆண்டுகளுக்குள் நுழைந்தால் மூச்சுத் திணறும். உங்கள் கணக்கில் கடன் 4 லட்சத்தைத் தாண்டினால் அந்தக் கல்லூரி வேண்டாம் என்பேன். ஓராண்டு பொறுத்தாலும் பரவாயில்லை. கலந்தாய்வில் ஆக்குபேஷனல் தெரபி என்கிற தொழில்வழிச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி போன்ற படிப்புகளும் வரும். இந்த மறுவாழ்வுத் துறையின் உடன்பிறப்புகள் அவை. அவற்றையும் விருப்பப் பட்டியலில் சேர்க்கத் தயங்காதே.

விண்ணப்பம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும் வாரங்களில் ஒரு வேலை செய். அந்த அக்காவிடம் கேட்டு, அவர் போகும் வீடுகளுக்கு இரண்டு நாள் கூடவே போ. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவப் பிரிவில் அனுமதி கேட்டு ஒரு காலை முழுவதும் ஓரமாக நின்று பார். நடைப் பயிற்சிக்கான இணைக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடுவே ஒருவர் நடப்பதைக் கவனி. போன மாதம் என்னிடம் ஒரு நெசவாளர் வந்தார், அறுபதைத் தாண்டியவர், வலப்பக்கம் வாதம். பாதம் தொங்கித் தரையில் இழுபட்டது. “தறியில் மிதியை எப்படி விடுவீர்கள் ஐயா, அதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்” என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் என் விரலை வைத்திருந்தேன். அங்கே ஒரு தசை, மீன் துள்ளுவதுபோல ஒருமுறை அசைந்தது. பாதம் மேலே வரவில்லை, அசைவு மட்டும்தான். அவருடைய மகனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அன்று முழுவதும் அது போதுமானதாக இருந்தது. அந்த மாதிரி அசைவுக்காக நாற்பது நாள் ஒரே பயிற்சியைச் சலிக்காமல் சொல்லித்தர உனக்கு மனம் வருமா என்று பார்த்துக்கொள். வரும் என்றுதான் உன் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது.

தமிழ்வழியில் படித்தவள் என்பதால் முதலாண்டு உடற்கூறியல் உன்னை மிரட்டும். எல்லாம் ஆங்கிலம், பாதி லத்தீன். தேர்ச்சிக்கு 50 சதவீதம் வேண்டும். நான் செய்ததைச் சொல்கிறேன்: இரவில் பால்பாயிண்ட் பேனாவால் என் இடது கையிலேயே தசைகளை வரைவேன். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த நரம்பு. பிறகு கையை மடக்கி, வரைந்த கோடு குறுகுவதைப் பார்ப்பேன். காலையில் கழுவிவிட்டு மறுபடியும் வரைவேன். பெயர் நாக்கில் தடுக்கினாலும் தசை எங்கே இருக்கிறது என்பது மறக்காது. உயிரியலில் 71 வாங்கியவளால் இது முடியும்.

பாட்டியின் கைக்கு வருவோம். மடங்கிய விரல்களை நேரடியாகப் பிடித்து இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க இன்னும் இறுகும். மணிக்கட்டை முதலில் மெல்ல உள்பக்கமாக மடக்கு, விரல்கள் சற்றுத் தளரும். அப்போது கட்டைவிரலை அதன் அடிப்பகுதியில் பிடித்து வெளியே எடு, பிறகு மற்ற விரல்களைத் திற. விரல்கள் திறந்த பிறகே மணிக்கட்டை மெதுவாக நிமிர்த்தி, அரை நிமிடம் அப்படியே வைத்திரு. ஒரு நாளைக்கு நாலைந்து வேளை. வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்து. ஸ்பாஞ்சுப் பந்தை அழுத்தச் சொல்லி யாராவது கொடுத்திருந்தால் எடுத்து வைத்துவிடு. இறுகி மடங்கும் கைக்கு நான் அதைக் கொடுப்பதில்லை, திறக்கும் பயிற்சிதான் முதலில். பாட்டியை எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்துத் தூக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல். தோள் மூட்டு நழுவிவிடும். முதுகுப் பக்கமாகத் தோள்பட்டை எலும்பின்கீழ் கையைக் கொடுத்துத் தூக்குங்கள். உட்கார்ந்திருக்கும்போது கை தொங்காமல் மடியில் ஒரு தலையணை இருக்கட்டும். அந்த அக்கா அடுத்த முறை வரும்போது, மணிக்கட்டுக்கு இரவில் போடும் பட்டை தேவைப்படுமா என்று பார்க்கச் சொல்.